கறியை எடுத்துவிட்டால் மிச்சம் குஸ்கா

இங்கே அயர்லாந்தில், காலையில் நான் சமையலறை விளக்கைப் போட்டதும் ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்மறியாடு கத்தும். என் மேல் பாசம் பொங்கிக் கத்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள், கைப்பிடி ஓட்ஸ் கேட்டுக் கத்துகிறது. பக்கத்து வீட்டு பிரீடாவின் ஆடு அது. வேலிக்கு அந்தப் பக்கம் அதன் புல்வெளி, இந்தப் பக்கம் என் ஜன்னல். திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடைக்காரர் மகளாகப் பிறந்த எனக்கு ஆடு என்றால் தொடை, நெஞ்செலும்பு, ஈரல் என்று துண்டு துண்டாகத்தான் பழக்கம். முழு ஆட்டை முகத்துக்கு முகம் பார்த்து, "இருடி வாரேன்" என்று பதில் சொல்லும் வழக்கம் இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஏற்பட்டதுதான்.

வந்த புதிதில் நிலைமை தலைகீழாக இருந்தது. நான் செவிலியாக வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே கேன்டீனில் சமைக்கும் டாம், முதல் நாளே என் தட்டில் அவித்த காரட்டையும் உருளைக்கிழங்கையும் வைத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்தவர்போலச் சிரித்தார். இந்தியா என்றாலே சைவம் என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! எந்த ஊர்க்காரியைப் பார்த்து காரட்டை நீட்டுகிறார்! எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே பிரியாணி வாசம்தான் வழி காட்டும், எங்கள் அத்தா, அதாவது என் தகப்பனார், அதிலேயே தலை நரைத்தவர் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். டாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாளும் காரட்டையே வைத்தார். நான் ஒரு காலத்தில் இறைச்சி சாப்பிட்டவள், இப்போது திருந்திவிட்டவள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. அவர் வாய்முகூர்த்தமோ என்னவோ, சில வருடங்களில் அது பலித்தும்விட்டது.

பலிக்க வைத்தவள் பிரீடா. ஒரு வசந்த காலத்தில் அவளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. தாயில்லாக் குட்டி ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்து என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். "புட்டியில் பால் கரைத்துக் கொடு, வேறொன்றும் வேண்டாம், நீ நர்ஸ்தானே" என்றாள். குட்டி என் விரலைச் சப்பியது, என் பின்னாலேயே குளியலறை வரை வந்தது, சோபாவில் ஏறி என் மடியில் தூங்கியது. ஊர் ஞாபகத்தில் சம்பா என்று பேர் வைத்தேன். எங்கள் கடையில் பிரியாணிக்குப் போடும் சீரகச் சம்பா அரிசிதான் அந்தச் சம்பா. பேர் வைத்தது என் தப்பு. அந்த வாரக் கடைசியில் குழம்புக்கு வாங்கிவைத்திருந்த கறியை வெளியே எடுத்தேன், காலடியில் அது நின்று அண்ணாந்து பார்த்தது. அப்புறம் என்னால் முடியவில்லை. கொள்கை, கத்தரிக்காய் எதுவும் கிடையாது. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். என் கணவருக்கு அந்தச் சிக்கல் எதுவும் வரவில்லை, என் பங்கையும் சேர்த்து அவரே சாப்பிட்டுக்கொண்டார். சம்பா பெண் குட்டி என்பதால் பிரீடா அதை வளர்ப்புக்கே வைத்துக்கொண்டாள்.

ஆனால் சைவம் ஆவது எப்படி என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற என் ஊர்க்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், நீங்களும் செய்யக்கூடிய பிழை இது. எங்கள் வீட்டில் காய் என்றால் கறிக்குத் துணை. கறி இல்லாத நாளில் ரசமும் அப்பளமும் வைத்து, "இன்னிக்கு ஒண்ணும் செய்யல" என்று அம்மா சொல்லுவார். அந்தப் பழக்கத்தில் நான் தட்டிலிருந்து கறியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டி, மேலே நாலு டீ. சில மாதங்களில் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, சீப்பைப் பார்த்தால் அழுகை வந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்தும் இல்லை, பி12-ம் இல்லை என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கடையில் கறித்துண்டு இல்லாமல் வெறும் பிரியாணிச் சோற்றை அள்ளிவைத்தால் அதற்குப் பேர் குஸ்கா. நான் அத்தனை மாதமும் சாப்பிட்டது சைவச் சாப்பாடே அல்ல, குஸ்கா!

பிறகு புத்தி வந்து, கறி இருந்த இடத்தில் ஆள் வைத்தேன். மொச்சை, தட்டாம்பயறு, கொண்டைக்கடலை என்று தினம் ஒன்றை ஊறப்போட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் வேர்க்கடலை, எள்ளுருண்டை. கீரையோடு ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும் என்றும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும் என்றும் செவிலியாகப் படித்தபோதே மனப்பாடம் செய்திருந்தேன். அடுத்தவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன், எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. பாலும் தயிரும் உண்டு, ஆனால் பி12-க்கு அதை மட்டும் நம்பாமல் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாகிவிட்டது. மூச்சு வாங்கிய அதே மாடியில் இப்போது தாவி ஏறுகிறேன்.

உடம்பு தேறியது, அடுத்து ஊருக்குச் சொல்ல வேண்டுமே! போனில் முதலில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏண்டி, அங்கிட்டு ஹலால் கறி கெடைக்கலையா?"

"கெடைக்கிதும்மா. நாந்தான் சாப்பிடல."

"அப்ப பெருநாளைக்கு?"

"குர்பானி ஆட்டுக்குப் பங்குக் காசு குடுப்பேன். சாப்பிட மாட்டேன், அம்புட்டுதான்."

அம்மா உடனே, "அத்தாகிட்ட நீ வாயத் தெறக்காத. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார். அந்தப் பக்குவம் என்னவென்று தை மாதம் ஊருக்குப் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது. வாசலில் நின்ற அத்தா என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார், என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். நான் நலமாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்துக்குடி. எதிர்வீட்டு ஜைனம்பு மாமி என் கன்னத்தைத் தடவி, "ரத்தமே இல்லையேம்மா மூஞ்சில" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று அம்மா பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். பிரியாணிக் கடைக்காரர் மகள் கறியைத் தொடவில்லை என்றால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நோய்தான், அதுவும் வெளியில் சொல்ல முடியாத பெரிய நோய்தான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

அன்று மத்தியானம் அத்தா தன் கையாலேயே எனக்குத் தட்டு வைத்தார். "கறிய எல்லாம் பொறுக்கி எடுத்துட்டேம்மா. வெறும் சோறுதான், ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். குஸ்கா! கறி வெந்த சாற்றிலேயே வெந்த சோறு. பக்கத்தில் அம்மா, "தால்சா ஊத்திக்க, பருப்புதான்" என்று ஊற்றினார், பருப்புக்குள்ளிருந்து ஒரு எலும்பு எட்டிப் பார்த்தது. எனக்கு டாம் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் காய்கறி சூப் என்று ஊற்றுவார், கேட்டால், "கோழி எலும்பு சும்மா ருசிக்குத்தான்" என்பார். கடல் தாண்டினாலும் மனிதர்கள் ஒன்றுதான் என்று சிரிப்பு வந்தது. ஆனால் அத்தா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. நான் தட்டை மெல்லத் தள்ளிவைத்து, தயிர்ச்சோறு போதும் என்றேன். காய் போட்டு ஒரு பிரியாணி வைக்கலாமே என்று கேட்டும் பார்த்தேன். "காயப் போட்டா அது தக்காளிச் சோறு. அதை எதுக்கு என் கையால வைக்கணும்?" என்றவர், அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனார். தோள் இறங்கியிருந்தது.

சிறு வயதில் காய்ச்சல் என்றாலும் பரீட்சை என்றாலும் அந்தக் கைச் சோறுதான் எனக்கு எல்லாம். விடுமுறை முடிந்து விமானம் ஏறுவதற்குள் அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். எனக்கு நோய் இல்லை. அவர் கையை நான் ஒதுக்கவும் இல்லை. இதைச் சொல்லாமல் போனால் மனிதர் வருடம் முழுக்கப் பயத்திலேயே இருப்பார். சொன்னால் மனசு உடைவாரோ என்று எனக்கும் பயம். அம்மாவோ, கண்ணில் பட்ட போதெல்லாம் ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியைப் பற்றியே பேசினார். "சுவரொட்டி சுட்டுக் குடுத்து வளத்த ரத்தம்டி அது. கீரையில எங்கிட்டு ஊறும்?"

வெள்ளிக்கிழமை வந்தது. அத்தாவோடு எப்போதும் வேலை பார்க்கும் சுல்தான் அண்ணன், வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடைக்குப் பின்னால் கொட்டகையில் அண்டா தம் முடிந்து அடுப்பில் நின்றது. ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் வருவதற்குள் அதை இறக்கி முன்பக்கம் கொண்டுபோக வேண்டும், இரண்டு ஆள் வேலை அது. "எவனாச்சும் செத்த நேரம் ஒரு கை குடுங்கப்பா" என்று, தொழுதுவிட்டு முதல் ஆளாக ஓடிவந்த அத்தா தெருப்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்குத் துணியால் அண்டாவின் ஒரு பக்கக் காதைப் பிடித்தேன்.

"ஏய் மெகரு, விடு! நோயில கெடந்த ஒடம்பு, விழுந்து கிழுந்து வச்சிராத!"

"நீங்க புடிங்கத்தா. சோறு அடிபிடிச்சிரப் போவுது!"

சோறு அடிபிடிக்கும் என்றால் அத்தாவால் பொறுக்க முடியாது. மறு காதைப் பிடித்துவிட்டார். தூக்கினோம். நான் பின்பக்கமாக நடந்தேன், அந்த ஒடுங்கிய நடையில் இரண்டு படி ஏறி, முன்பக்க மேடையில் சத்தமில்லாமல் இறக்கிவைத்தோம். படுக்கையில் கிடக்கும் பெரிய பெரிய ஐரிஷ் தாத்தாக்களை நாள் முழுக்கத் தூக்கி உட்காரவைக்கிறவளுக்கு அண்டா ஒரு பாரமா? அத்தாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு மூச்சே வாங்கலையே!"

"எனக்கு ஒரு நோயும் இல்லத்தா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒங்கம்மா ஏன் டாக்டர் சொன்னாருன்னா?"

"உண்மையச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

"நோயின்னு சொன்னா மட்டும் சந்தோசப்படுவேனா? தொழுகைக்குத் தொழுக ஒனக்குத்தாம்மா துஆ கேட்டுக்கிட்டு கெடந்தேன்!" கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் குட்டிக்குப் பேரு என்ன?" என்று கேட்டார்.

"சம்பா."

"அரிசி பேரையா வச்ச?" வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆட்டுக்குப் போயி அரிசி பேரு வச்சிருக்கா!" என்று முதல் வாடிக்கையாளரிடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் கரண்டியை எடுக்கும்போது என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "அப்ப இனிமே என் கையில சாப்பிட மாட்ட?"

"உங்க கையில சாப்பிடத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன். கறி மட்டும் வேணாம்த்தா."

அதற்குள் கூட்டம் வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையிலேயே ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது ஒரு தோளில் தெரிந்த கன்னிவாடிக்காரர் ஒருவர் தோட்டத்துப் பச்சை மொச்சை, மூட்டையாக. கையில் கடைச் சீட்டு ஒட்டிய புத்தம்புது தேக்சா. "கறி வெந்த சட்டியில வைக்கக் கூடாதுல்ல" என்றார், யாரும் சொல்லாமலே. நோயாளியைப் பார்க்க வந்த பெண்களை அம்மா உட்காரவைத்து மொச்சை பிதுக்க விட்டார். ஜைனம்பு மாமி பிதுக்கியபடியே, "ரத்தம் ஊறுமாம்ல இதுல?" என்று கேட்க, நான் எலுமிச்சம்பழக் கதையைச் சொல்ல, அவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸையே ஆற்றி அவர்களுக்குக் கொடுக்க, வீடு கல்யாண வீடாகிவிட்டது. அத்தா மசாலாவை வதக்கினார், மொச்சையையும் அரிசியையும் போட்டார், கரி நெருப்பை மூடிமேல் அள்ளிவைத்துத் தம் போட்டார். திறந்தபோது ருசி பார்க்கவில்லை, எப்போதும்போல் மோந்துதான் பார்த்தார். "பிரியாணின்னு சொல்ல மாட்டேன்" என்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். "ஆனா தக்காளிச் சோறும் இல்ல." முதல் தட்டை எனக்கு வைத்தார். நான் முதல் வாய் வைக்கும் வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அந்தச் சோற்றில் கறியைத் தவிர எங்கள் வீடு முழுக்க இருந்தது. அத்தா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அந்த எலுமிச்சம்பழத்தைக் குடு" என்றார்.

அந்த மொச்சையில் கொஞ்சத்தை அம்மா காயவைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். இன்று இங்கே வெள்ளிக்கிழமை, எனக்கு விடுப்பு. காலையிலேயே அடுப்பில் சீரகச் சம்பா தம்மில் இருக்கிறது, சமையலறையில் பேகம்பூர் வாசம். வேலியோரம் சம்பா தன் முதல் குட்டியோடு நின்று, ஓட்ஸ் எங்கே என்று கத்துகிறது. ஊரில் மத்தியானம், ஜும்ஆ முடிந்து கூட்டம் வரும் நேரம். போனில் அத்தா தெரிகிறார், பின்னால் தராசு தெரிகிறது. இப்போதெல்லாம் என்னை நலம் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்.

"சம்பா எப்படி இருக்கா? குட்டி நல்லாப் பால் குடிக்கிதா?"

போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். கடையில் யாரோ ஒரு கிலோ மட்டன் பிரியாணி கேட்டு அவசரப்படுத்த, அத்தா கேமராவுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

"வைக்கிறேம்மா. நான் என்ன தொழில் பாக்குறேன்னு மட்டும் அதுகிட்டச் சொல்லிடாத."