இருமல்காரர்களின் அறை

இருமலை ஒளிப்பது எப்படி என்று ஒரு பாடம் இருந்திருந்தால், எங்கள் விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் அதில் முதலாம் வகுப்பில் சித்தியடைந்திருப்பார்கள். ஒருத்தி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவாள். இன்னொருத்தி குளியலறைக்குள் போய் பைப்பைத் திறந்துவிட்டு இருமுவாள். வகுப்பில் என்றால், பேனை விழுந்ததுபோல் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு இருமல். நிமிரும்போது முகம் ஒன்றும் அறியாத முகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது இதைவிட லேசு.

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நான் வாயும் வயிறுமாக இருந்தேன். ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், கடைசிப் பரீட்சை. படிக்கும்போதே கலியாணம் முடிப்பது எங்கள் பக்கத்தில் புதினமோ அதிசயமோ இல்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு விரிவுரைக்குப் போன முதல் ஆளும் நானில்லை. ஆனால் அந்த மாரிக் காலத்தில் விடுதி முழுக்கக் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்தது. கிளினிக்கில் டொக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: "இந்தக் காய்ச்சல் மத்தவங்களுக்கு ஒரு கிழமைல போயிரும். உங்களுக்கு அப்படியில்ல. நெஞ்சுக்குள்ள இறங்கினா உங்களுக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. இருமுற ஆக்களோட ஒரே அறைக்குள்ள இரிக்காதீங்க."

இருமுற ஆக்கள் யார் என்று தெரிந்தால்தானே விலகுவது! கேட்டால் ஒருத்திக்கும் ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்து வந்து எழுதலாம் என்றால் என் ஊர் வரிப்பத்தான்சேனையிலிருந்து பஸ் மாறி வரவேண்டும். மழை வலுத்துக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் ரோட்டில் தண்ணீர் நிற்கும். பரீட்சை மண்டபம் எனக்காகக் காத்திருக்காது. என் கணவர் வயலில் நின்றபடியே போன் எடுத்தார். "பொட்டியக் கட்டு புள்ள, வந்து கூட்டிட்டு வாறன். சோதினைய மறுகா எழுதலாம்." அவர் சொன்னது அன்பில்தான். ஆனால் அப்படி வீட்டுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். முதலில் பிள்ளை, அடுத்து இன்னொரு பிள்ளை, கடைசியில் கூட்டாளிமார் பட்டம் வாங்கும் படத்தைப் போனில் பார்த்துப் பெருமூச்சு. எனக்குப் பிள்ளையும் வேண்டும், பட்டமும் வேண்டும். ஒன்றை விட்டுத்தான் மற்றது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். இன்றைக்கும் அப்படித்தான்.

எனக்குப் பக்கத்து அறையில் இருந்தவள் அக்கரைப்பற்றுக்காரி, எங்கள் ஆண்டுப் பெச்சிலேயே பெரிய கெட்டிக்காரி. முதலாம் வகுப்பு அவளுக்குத்தான் என்று விரிவுரையாளர்களே பேசிக்கொள்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு நாள் பொறுக்காமல் போய் அவள் கதவைத் தட்டினேன்.

"இருமுறது நீதானே?"

"இல்லகா. தூசி."

"மாரி மழையில என்ன தூசிகா?"

கதவை முழுதாகத் திறக்காமலே நின்றாள். கண் சிவந்து, மூக்கு வீங்கி, பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு மெல்லச் சொன்னாள். "மெடிக்கல் சேட்டிபிகட் குடுத்தா அடுத்த பெச்சோட எழுதச் சொல்லுவாங்க. மறுகா எனக்கு கிளாஸ் இல்லாமப் போயிரும். நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

திரும்பி என் அறைக்கு வந்தேன். அவள் பொய் சொன்னதில் எனக்கு எரிச்சல். ஆனால் அவள் பயமும் என் பயமும் ஒரே பயம்தான்.

இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கொரோனாக் காலத்தில் இறந்துபோன எங்கள் முஸ்லிம் ஜனாஸாக்களை மண்ணுக்குக் கொடுக்க விடாமல் அரசாங்கம் எரித்தது. அந்த நாட்களில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால் வாசல் கதவைச் சாத்துவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தார்கள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நோய் வருத்தத்தைவிட, அந்த வருத்தம் வெளியே தெரிவதுதான் ஆபத்து என்று அப்போதே படித்துக்கொண்டோம். காலம் மாறியும் அந்தப் படிப்பு எங்களை விட்டுப் போகவில்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். என் அறை ஜன்னலை மழையென்றும் பாராமல் திறந்து வைத்தேன். மாஸ்க் பெட்டியொன்று வாங்கி நடைபாதையில் வைத்தேன். "மறுகாவும் மாஸ்க்கா!" என்று முகத்தைச் சுளித்தார்களே தவிர ஒருத்தியும் தொடவில்லை. ஒரே சகன் தட்டில் சுற்றி இருந்து சாப்பிடும் எங்கள் பழக்கத்தை நான் நிறுத்தி, என் சோற்றைத் தனியாக ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு போனபோது, "புள்ளத்தாய்ச்சிக்குப் பெரும வந்திட்டு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு, பரீட்சைக்குப் பொறுப்பான விரிவுரையாளர் சேரிடம் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன். வழியெல்லாம் வசனம் சேர்த்துக்கொண்டு போனேன்.

"மண்டபம் பெரிசுதானே தங்கச்சி. மேசையத் தூரத் தூரப் போடுவம்" என்றார் அவர்.

"மழைக்கு ஜன்னலப் பூட்டி, மேல ஃபேனையும் போட்டா, ஒராள்ட இருமல் எல்லாருக்கும் பங்கு, சேர். இருமல் உள்ளவங்களுக்கு ஒரு அறை குடுங்க. அதே பேப்பர், அதே நேரம். மெடிக்கல் கேக்காதீங்க. கேட்டா ஆரும் உண்மை சொல்ல மாட்டாங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தாடியைத் தடவினார். "சரி, கீழ் மாடியில ஒரு அறை தாறன். அங்க எழுதினதெண்டு பேப்பர்ல ஒரு அடையாளமும் வராது" என்றார். நான் சேர்த்துவைத்த வசனமெல்லாம் வீணாகப் போயிற்று.

முதற் பரீட்சை அன்று காலை அடை மழை. மண்டபத்து ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. அபாயாவெல்லாம் நனைந்து, ஒரே ஈர வாடை. மேற்பார்வையாளர் அறிவித்தார்: "இருமல், காய்ச்சல் உள்ளவங்க கீழ் மாடி அறைக்குப் போகலாம். அதே பேப்பர்தான். ஒருத்தருக்கும் ஒரு குறையும் வராது."

ஒருத்தரும் அசையவில்லை. எனக்குப் பின்னால் யாரோ தொண்டைக்குள்ளேயே இருமலை விழுங்கினார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேப்பரைக் கொடுக்கத் தொடங்கிவிட்டால் முடிந்தது. அந்த மூடிய மண்டபத்துக்குள் முழுப் பரீட்சையும் நான் மூச்சுவிட வேண்டும், என் பிள்ளைக்கும் சேர்த்து. வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசித்தேன். வீட்டுக்குப் போய்விடுவோமா என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன். அந்த நினைப்பே எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. பேனைகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"கீழ் மாடி அறைக்கி சேர்."

"உங்களுக்கு இருமலா?"

"இல்ல சேர். இருமல் உள்ளவங்கெல்லாம் இஞ்ச இரிக்காங்க. அந்த அறையிலதான் ஆருமில்ல. அதான் நான் போறன்."

யாரோ கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது பரவி மண்டபமே சிரித்தது. சிரித்தால் இருமல் சும்மா இருக்குமா? அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. முன் வரிசை, பின் வரிசை, ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று ஒளித்தவர்கள் எல்லாரும் அம்பலம். மேற்பார்வையாளருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த இரைச்சலுக்குள் அக்கரைப்பற்றுக்காரி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"நீ இரி. எனக்கித்தான் இருமல். நான் போறன்."

முதலாம் வகுப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள். அந்த அறையால் குறை வராது என்ற வாக்கை நம்பி முதலில் காலை வைத்தவளும் அவள்தான். அவள் கதவைத் தாண்டியதும் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஆண்கள் பக்கம் ஒருவன். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம்தான். மிஞ்சிய நாங்கள் ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்தோம். தூவானம் அடித்த மேசைகளை உள்ளே தள்ளினோம். பக்கத்துக் கடலின் காற்று உள்ளே வந்தது. வினாத்தாள் கைக்கு வந்தபோது எனக்கு எழுத்துத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது.

பரீட்சை முடியும்வரை அந்த அறை அப்படியே நடந்தது. இரண்டாம் பேப்பருக்கு இருமல் உள்ளவர்கள் யாரும் சொல்லாமலே அங்கே போய் இருந்தார்கள். இரண்டொருவர் சுகமாகித் திரும்பி வந்தார்கள். நடைபாதையில் இருந்த மாஸ்க் பெட்டியும் காலியாயிற்று. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பின்னால் பெறுபேறுகள் வந்தபோது அவள் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. முதலாம் வகுப்பு அவளுக்குத்தான். எனக்கு அதற்குக் கீழே, அது எனக்குப் போதும்.

பெறுபேறு வரமுதலே மகள் பிறந்துவிட்டாள். நாற்பது நாள் கழியாத வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். சொல்லிப் பார்த்தும் முத்தம் கொடுத்தவர்களை என்னால் தடுக்க முடியவில்லை. ஒரு நாள் பின்னேரம் அக்கரைப்பற்றுக்காரி வந்தாள். இரண்டு பஸ் ஏறி, பிள்ளைக்குச் சட்டையும் வாங்கிக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ளுக்கு வாகா" என்று கூப்பிட்டேன்.

"இல்லகா, நேத்திலிருந்து தடிமன், மூக்கால ஓடுது. நீ அங்கேருந்தே காட்டு. மத்த நாளைக்கி வந்து தூக்குறன்."

பிள்ளையின் முகம் தெரிய நான் துணியை விலக்கிப் பிடித்தேன். அவள் வாசலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்து, கையை அசைத்து, என்னென்னவோ கொஞ்சிப் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்த நாற்பது நாளில் என் பிள்ளையை அவளைப்போல் யாரும் கொஞ்சவில்லை.