மைக்கில் வந்த ஒன்பது

நான் மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன்; எண் என்றால் தடுக்காது. திண்டிவனத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனைப் பல வருஷம் பெருக்கியவள். அங்கே வயர்லெஸ் மைக்கில் வரும் எண்களெல்லாம் பெருக்கிக்கொண்டே காதால் படித்தவை. ஆறு என்றால் அடிதடி. இரண்டு என்றால் அதிகாரி புறப்பட்டுவிட்டார். ஒன்பது என்றால் உயிர் போய்விட்டது. புதிதாக வந்த போலீஸ்காரப் பிள்ளைகள் தடுமாறினால் நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

என் மகன் விழுப்புரம் பைபாசில் ஒரு கம்பெனியின் மீட்பு வண்டி ஓட்டுகிறான். விபத்து என்றால் முதலில் போய் நிற்கிற வண்டி. போன ஆடியில் ஒரு மத்தியானம், அவனிடம் சொல்லாமலே, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போனேன். மைக்குக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். மகன் பேரைச் சொன்னேன்.

"உக்காருங்க ஆயா. உங்க புள்ளைது மூணாம் வண்டி. வந்துடும்."

நான் உட்காருவதற்குள் வயர்லெஸ் பெட்டி பேசியது. என் மகன் குரல் இல்லை, வண்டியில் கூடப் போகிற யாரோ.

"மூணாம் வண்டி டிரைவர் ஒன்பது. ஓவர்."

அந்தப் பெண் முகம் மாறாமல் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒருத்தன் செத்ததை இப்படியா எழுதுவார்கள்? தூக்கை விடாமல் சுவரோரம் சரிந்தேன்.

"இன்னா ஆயா ஆச்சு? தண்ணி வோணுமா?"

"எம் புள்ள எங்க கெடக்கிறான்? அத்த சொல்லும்மா."

"கெடக்கிறாரா? கூட்டேரிப்பட்டுல ஓட்டல்ல சாப்ட்டுக்கினு இருக்காரு."

"ஒன்பதுன்னாங்களே."

"ஒன்பதுன்னா சாப்பாட்டுக்கு எறங்கிட்டாருன்னு அர்த்தம். உங்களுக்கு வேற யாரு சொன்னது?"

"போலீசு."

"அது அவங்க மைக்கு ஆயா. எங்களுது வேற."

மகன் கையிலும் ஒரு சின்ன மைக் இருக்கும் என்று சொல்லி, அவள் தன் மைக்கை என் கையில் கொடுத்து, பட்டனை அழுத்திப் பேசச் சொன்னாள். அத்தனை வருஷம் மைக்குக்கு அடியில் பெருக்கியிருக்கிறேன், தொட்டது அன்றைக்குத்தான்.

"ஓட்டல்ல இன்னாடா துன்ற?"

பட்டனை அழுத்திப் பிடித்தபடியே காத்திருந்தேன்.

"பட்டன வுடுங்க ஆயா. அப்பதான் அவரு பேச முடியும்."

விட்டேன். "அம்மாவா? பரோட்டாம்மா. ஓவர்."

"கைய கழுவிக்கினு வந்து சேரு. களி ஆறுது. ஓவர்."

அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அரை மணியில் வந்தான். பரோட்டா தின்ற வயிற்றோடு களியையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நோட்டில் மறுபடி ஒரு எண் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ஒன்பது. தடுக்காமல் படித்தேன்.