புகார் சொல்ல ஆளில்லாத ஊர்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் ஒரு எலி செத்துக் கிடந்தது. பார்த்தது நான் ஒருவன்தான்.

இதெல்லாம் ஒரு சமாசாரமா, இதற்கு ஒரு பத்தியா என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். பிளேக் வந்த ஊரில் எலிதான் ஐயா கலெக்டர். எலி விழுந்தால் ஊர் எழுந்து போக வேண்டும். எலி விழுவது நின்றால்தான் ஊர் திரும்பி வரலாம். நடுவில் என்னைப் போன்ற பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டுக்கெல்லாம் பேச்சே கிடையாது.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் பழக்கம். கம்பம் டவுனுக்கு இந்தப் பக்கம், வயலுக்கு நடுவே, நாலைந்து தெருவும் ஒரு சந்தையும் உள்ள ஊர். சாக்கடை, தெரு விளக்கு, சந்தைச் சண்டை என்று என் பாடுகளை இங்கே கொட்டி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கொட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஊரே இல்லையே!

மாசி மாதம் அரிசிக் கடையில் முதல் எலி விழுந்தது. அப்புறம் வரிசையாக விழுந்தன. பிறகு மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உடனே வழக்கப்படி ஊரைக் காலி செய்தார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. வீட்டு ஓடுகளைப் பிரித்து இறக்கி, உள்ளே வெயில் விழும்படி விட்டுவிடுவார்கள். பாத்திரம் பண்டம், ஆடு மாடு, கோழிக்கூடை எல்லாவற்றோடும் வாய்க்காலைத் தாண்டி மேட்டுப் புஞ்சைக்குப் போய்ச் சோளத்தட்டையில் குடிசை போட்டுக்கொள்வார்கள்.

மாரியம்மனைக்கூட விட்டுவைக்கவில்லை. பூசாரி அம்மனைச் செம்பில் எழுந்தருளச் செய்து, தலையில் சுமந்துபோய் அங்கே ஒரு புளியமரத்தடியில் வைத்துவிட்டார். சாமிக்கும் குடிசைதான். ஆனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

குற்றம் சொல்லவில்லை. நானேதான் வாயைக் கொடுத்தேன். போன தடவை ஊர் காலியாகக் கிடந்தபோது கதவு நிலையெல்லாம் களவு போயிற்று. இந்தத் தடவை ரோட்டு முனைகளில் போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள். அவர்கள் ஊருக்குள் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். உள்ளே யாராவது ஒருத்தர் இருக்க வேண்டுமே, யார் இருப்பது என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. நான் இருக்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பிளேக் ஊசி போட்டுக்கொண்ட தைரியம். கைதட்டுவார்கள் என்று ஒரு நப்பாசை வேறு. யாரும் தட்டவில்லை. பின்னால் இருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. "அவருக்கென்ன, தனிக்கட்டை" என்றது.

உண்மைதானே? மனைவி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. ஒரு பானை, ஒரு தட்டு. ஆனால் உண்மை என்பதற்காக அதைக் காது கேட்கச் சொல்ல வேண்டுமா என்ன...

ஊரில் தூங்குகிறவன் வாய்க்காலைத் தாண்டக் கூடாது. தாண்டிப் போனவர்கள் திரும்பக் கூடாது. இதுதான் கட்டுப்பாடு. எனக்குச் சோறு தூக்குச்சட்டியில் வரும். வாய்க்கால் படிக்கல்லில் வைத்துவிட்டு, வைத்தவர் தள்ளிப் போன பிறகு நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் இந்தக் கரையில் நின்றுகொண்டு ஊர் நிலவரம் சொல்வேன். அந்தக் கரையில் ஜனங்கள் கூடி நின்று கேட்பார்கள்.

என்ன நிலவரம்? பாதுகாப்பு பரிபூரணம், திருட ஆளில்லை. சுகாதாரம் பிரமாதம், குப்பை போட ஆளில்லை. சந்தையில் சண்டை இல்லை. சாக்கடை அடைப்பு இல்லை. புகார் எதுவும் இல்லை. இப்படி ஒரு நிர்வாகம் நடத்த வேண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன்! அது நிஜமாகவே கிடைத்தபோது, சந்தைத் திடலின் நடுவில் நின்று நானே சத்தமாக ஒரு தரம் இருமிப் பார்த்தேன். ஊருக்குள் மனிதச் சத்தம் கேட்கட்டும் என்றுதான்.

சாயங்காலமானால் தெரு விளக்குகளையும் நானே ஏற்றினேன். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் இருக்கிற கிராக்கியில், ஆளில்லாத தெருவுக்கு விளக்கு எதற்கு என்று முதல் நாள் விட்டுவிட்டேன். மறுநாள் காலை அந்தக் கரையில் செல்லத்தாயி நின்றாள்.

செல்லத்தாயியை உங்களுக்குத் தெரியும். கீழத் தெருக்காரி. சாக்கடை நாறுகிறது என்று தினமும் என் வாசலில் வந்து நின்று என்னைக் காய்ச்சி எடுப்பாளே, அவள்தான். அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் விளக்கெல்லாம் வரிசையாகத் தெரியுமாம்.

"அங்கன வெளக்கு தெரிஞ்சாத்தேன் எங்களுக்கு இங்கன சோறு எறங்குது அண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு விளக்கைக்கூட விடாமல் ஏற்றிவந்தேன்.

அவள் மகள் நிறைமாசம். தலைப் பிரசவம். சித்திரை பிறந்ததும் கோடை மழை வேறு பிடித்துக்கொண்டது. தட்டைக் குடிசையில் தண்ணீர் இறங்குகிறது, பிள்ளை பிறப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று செல்லத்தாயி கும்பிடாத சாமியில்லை. ஹெல்த் இன்ஸ்பெக்டர் உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்து பார்த்தார். இனி எந்த வீட்டிலும் எலி விழாவிட்டால், வருகிற வெள்ளிக்கிழமை ஊர் திரும்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கரையில் குலவை போட்டார்கள். இந்தக் கரையில் நானும் சிரித்தேன். குலவை போடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செல்லத்தாயி, தன் வீட்டு அடுப்படியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்கும்படி கேட்டுக்கொண்டாள். பிரசிடெண்டுக்கு இது வேலையா? சந்தோஷமாகத்தான் போனேன். வெறும் வீட்டில் விளக்குமாற்றோடு பாட்டுக்கூடப் பாடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது எலி.

வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றேன். என் மனசு என்னவெல்லாம் பேசியது தெரியுமா? எலி கிழடு தட்டிச் சாகக்கூடாதா? பட்டினியில் சாகக்கூடாதா? ஊரிலே சோறே இல்லை, அது மட்டும் எதைத் தின்னும்? இன்ஸ்பெக்டர் சொன்னபடி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திவிட்டால் சாம்பல். சாம்பல் போய் சாட்சி சொல்லுமா? வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்துவிடுவார்கள். என் வாசலில் மறுபடியும் யாராவது வந்து நிற்பார்கள். திட்டட்டுமே... மனிதக் குரல்தானே!

அப்படியே கொளுத்தினேன்.

கொளுத்திக்கொண்டிருக்கும்போதுதான் போன தடவை ஞாபகத்துக்கு வந்தது. போன தடவையும் எலி நின்றுவிட்டது என்று ஊர் அவசரமாகத் திரும்பியது. யார் வீட்டிலோ ஒன்று விழுந்ததை, ஊர் மறுபடி கிளம்ப வேண்டுமே என்று மறைத்துவிட்டார்கள். அந்தத் தடவை திரும்பி வந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. நான் தனிக்கட்டை ஆனது அப்படித்தான்.

மறுநாள் காலை கரையில் நின்று நிலவரம் சொன்னேன். எலி விழுந்ததைச் சொன்னேன். யார் வீட்டில் என்பதையும் சொன்னேன். ரோட்டு முனைப் போலீஸ்காரர் மூலம் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாம் என்றேன்.

முதலில் செல்லத்தாயிதான் பேசினாள்.

"ஊரு பூராம் வீடு கெடக்கு, எலி சாக எங்க வீடுதேன் கெடைச்சதா? வாயும் வயிறுமா இருக்கிறவள வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?"

அவளாவது வயிற்றெரிச்சலில் பேசினாள். கூட்டத்தில் இன்னொருத்தர் நிதானமாகப் பேசினார். "ஊரு காலியாக் கெடந்தாத்தேன் அவருக்கு ராசா உத்தியோகம். எலி விழுந்துச்சோ, இவரே போட்டாரோ, யாரு கண்டா?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாத்தாமலே அழுதிருக்கலாம், தெருவில்தான் ஒரு ஈ காக்கை இல்லையே... பழக்கதோஷம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் சொன்னது சரி என்றார், இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டு யாருக்கு என்ன சந்தோஷம்? மறுநாளிலிருந்து கரைக்கு ஆள் வரவில்லை. தூக்குச்சட்டி மட்டும் படிக்கல்லில் இருந்தது. சோறு நிற்கவில்லை, பேச்சுதான் நின்றது. அப்படியும் நான் விடாமல் காலையில் போய் நின்று நிலவரம் சொன்னேன். பாதுகாப்பு பரிபூரணம், புகார் எதுவும் இல்லை என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. கூட்டம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

சாயங்காலம் விளக்குகளை ஏற்றினேன். கீழத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. அந்த வீட்டைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. பயமா, வருத்தமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு விளக்குதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நேற்றுக் காலையில் படிக்கல்லுக்குப் போனால், அந்தக் கரையில் செல்லத்தாயி நிற்கிறாள். தலைமுடி கலைந்து, கண் சிவந்து, ராத்திரி பூராவும் தூங்காத முகம். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"ஏன் அண்ணே, எங்க தெரு வெளக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நேத்துப் பொழுது அடையுறப்ப பேத்தி பெறந்துட்டா. ரெண்டு உசுரும் சொகந்தேன். புள்ளையப் பெத்தவ, நம்ம வீட்டு வெளக்கக் காட்டு ஆத்தான்னு கேட்டா. தட்டிய வெலக்குறேன்... ஊரு பூராம் எரியுது, எங்க தெரு மட்டும் இருட்டாக் கெடக்கு. இதைப் பார்க்கத்தேன் உங்களப் பிரசிடெண்டு ஆக்குனமா?"

இன்றைக்கே ஏற்றிவிடுகிறேன் என்று கையை ஆட்டினேன். அவள் நிற்கவில்லை. நாலு அடி போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"சட்டியில வெல்லம் வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள சோத்தத் தின்னுங்க" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு முதலில் கீழத் தெருவுக்குத்தான் போனேன். விளக்குக் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் அழுந்தத் துடைத்தேன். திரியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கியே வைத்தேன். எண்ணெய்க் கணக்கைப் போர்டு மீட்டிங்கில் யாராவது கேட்கட்டும். மீட்டிங் போட ஊர் வரட்டும் முதலில்!

இன்று காலை கரையில் நின்று சொன்ன நிலவரம்: பாதுகாப்பு பரிபூரணம். ஜனத்தொகையில் ஒன்று கூடியிருக்கிறது. புகார் — ஒன்று வந்தது.