பெட்டியில் வந்த டைமிங் பெல்ட்

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து இறங்கினால், எங்கள் கோட்டக்குப்பத்தில் பெட்டி பிரிப்பது ஒரு சின்னக் கல்யாணம். கூப்பிடாமலே சொந்தபந்தம் கூடிவிடும். என் கணவர் இந்த முறை விடுமுறைக்கு வரவில்லை. துபாயில் தண்ணீர் லாரி ஓட்டிய வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். அதனால் கூட்டமும் கூடுதல். மாமியாருக்குப் போர்வை, நாத்தனார்களுக்கு சென்ட், பிள்ளைகளுக்கு சாக்லெட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் பழைய லுங்கியில் சுற்றியிருந்த ஒரு கனமான அட்டைப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். திறந்து பார்த்தால் ஒரு டைமிங் பெல்ட்டும் அதற்கான உருளைகளும்!

"பொண்டாட்டிக்கு வளையல் வாங்கிக்கினு வருவாங்க. எங்கண்ணன் பெல்ட்டு வாங்கிக்கினு வந்திருக்காரு" என்று சின்ன நாத்தனார் சிரித்தே உருண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போதோ போனில், பேச்சோடு பேச்சாக, வண்டிக்குப் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு, அங்கே கடை கடையாக அலைந்து வாங்கி வந்திருக்கிறார். நகை வாங்க எந்தக் கணவனுக்கும் தெரியும். இது என் கணவருக்கு மட்டும்தான் தோன்றும்.

ஆனால் பெல்ட்டைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. என் வண்டியின் பெல்ட் இவ்வளவு அகலம் கிடையாது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி, என் மூத்த மகளைவிட வயதில் பெரியது. அவர் அனுப்பிய பணத்தில் பாதியும் என் வளையல்களில் பாதியும் போட்டு வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, ஊர் வாயை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் நானே ஓட்டினேன். எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும், ஜவுளி எடுக்கப் போக வேண்டும், பாஸ்போர்ட் வேலை இருக்கும். "நீ ஓட்டறன்னா நாங்க வர்றோம்" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அப்புறம் என் போன் ஓயவில்லை. விடியற்காலையில் பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போய் நேரத்துக்குச் சேர்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது என்னைப் பார்த்தால் "வண்டி மாமி" என்று கத்துகிறது. இதைவிட என்ன பட்டம் வேண்டும்?

டைமிங் பெல்ட் என்பது என்ஜினுக்குள் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. மூடிக்குள் மறைந்திருக்கும். பிரேக் தேய்ந்தால் கீச்சிடும், டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இது மூச்சு விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் உள்ளே ஒன்றோடொன்று மோதி என்ஜினே போய்விடும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி மூச்சுத் திணறும். ஆகவே இதில் ஏறக்குறைய என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெட்டி பிரித்த அன்று மாமியார் இன்னொன்றும் சொன்னார். கூட்டம் கலைந்து, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாத்துக்கு இனிமே நீ அலையற? அவன்தான் வந்துட்டானே. சாவிய அவங்கிட்ட குடுத்துட்டு ஊட்டப் பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் நினைத்துச் சொன்னார். அதுதான் பேஜாரு. சண்டைக்கு வந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை என்னிடம் எப்போதும் தயார். அன்பாகப் பிடுங்கினால் என்ன செய்வது? என் கணவர் தலை குனிந்தபடி கை கழுவப் போனார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆயுசுக்கும் லாரி ஓட்டிய மனிதர். அவர் கேட்டால் சாவியை மறுக்க எனக்கு வாய் வருமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். வரும் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

அந்த நிலையில் பெல்ட்டைப் பற்றி எப்படிச் சொல்வது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாடு என்றால் சரி. டைமிங் பெல்ட்டைப் பல் பார்க்காமல் எப்படி வாங்கிக்கொள்வது? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது பெரிய சாதனை.

பாண்டிச்சேரி எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் பழைய டீசல் என்றால் அங்கே மூக்கைச் சுளிப்பார்கள். நான் எப்போதும் விடுவது திண்டிவனத்தில் ஒரு பட்டறையில். அங்கே மெக்கானிக் என் வண்டியைப் பார்த்தாலே எந்தப் பக்கம் சத்தம் என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். பெல்ட் மாற்ற நானும் கணவருமாகப் போனோம். அவர் ஓட்டுகிறேன் என்று கேட்கவில்லை. நானும் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. அவர் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மாறிப்போன ஊர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூடியைக் கழற்றிப் பழைய பெல்ட்டை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்ததும் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. துபாய் பெல்ட் அகலமும் அதிகம், நீளமும் அதிகம்; உருளைகளும் பெரியவை. வண்டியின் பெயர் ஒன்றுதான், வருடமும் ஒன்றுதான். அங்கே ஓடுகிற வண்டிக்கு என்ஜின் பெரியது. அவர் கடையில் பெயரையும் வருடத்தையும் சொல்லியிருக்கிறார், என்ஜின் நம்பரைச் சொல்லவில்லை.

மெக்கானிக்குக்கும் புரிந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த மனிதரின் முகத்தில் அடிப்பது போல் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. கல்ஃப் பெட்டியிலிருந்து வந்தது எதுவும் தப்பாக இருக்காது என்று ஒரு மரியாதை.

"பாய், ஃபாரின் சரக்கு... விட மனசு வரல. டென்ஷனர தள்ளி வெச்சி அட்ஜஸ்ட் பண்ணிப் பாக்கட்டுமா?" என்றார். பெல்ட்டை விறைப்பாகப் பிடித்து வைக்கிற உருளைதான் டென்ஷனர்.

சேர்த்து வைத்திருந்த பொறுமை எல்லாம் அங்கே போயிற்று.

"அட்ஜஸ்ட் பண்ண இது இன்னா பாவாடையா, நாடா போட்டு இழுத்துக் கட்ட? நாளைக்கி புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு போவும்போது அறுந்தா நீங்களா வந்து தள்ளுவீங்க?"

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. ஊரே பார்க்கக் கொண்டுவந்து கொடுத்த பொருள் ஆகாது என்று ஆகிவிட்டதே, அந்த வாட்டம். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்தப் பெல்ட் வீட்டில் என் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் இருக்கும், யாருக்கும் தர மாட்டேன். வண்டிக்குள் மட்டும் போகாது.

திண்டிவனத்துக் கடைகளில் பெல்ட் மட்டும் கிடைத்தது, உருளைகள் இல்லை. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த உருளையை விட்டால், புதுச் செருப்பில் பழைய ஆணி மாதிரி அது பெல்ட்டையே தின்றுவிடும். வண்டி பிரித்துக் கிடந்ததால் பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினோம்.

அவர் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை வாங்கினார், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டார்.

"பெட்டி பிரிச்ச அன்னிக்கே உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அத்தினி பேரு உக்காந்துக்கினு இருந்தாங்க. அதுவுமில்லாம எனக்கு அது புடிச்சிருந்துது."

மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டார். "நான் வந்துட்டேன்னா உனக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்னுதான் அம்மா சொல்றாங்க" என்றார்.

"நான் ஓய்வு கேட்டனா?" என்றேன்.

விழுப்புரத்தில் லாரிகளுக்கும் பழைய டீசல் வண்டிகளுக்கும் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்று உண்டு. கல்லாவில் இருந்தவர் என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "சொல்லுங்க பாய், எந்த வண்டி? எந்த வருஷம்?" என்றார். நான் என்ஜின் நம்பரைச் சொல்லிவிட்டு, பழைய பெல்ட்டையும் உருளைகளையும் மேசைமேல் வைத்தேன்.

முதலில் ஒரு பெல்ட்டை ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். பல்லின் எண்ணிக்கை சரி, அகலம் சரி. ஆனால் எத்தனை காலம் ஆணியில் தொங்கியதோ, மேலே மடிந்து ஒரு தழும்பு. அங்கேதான் முதலில் விரிசல் விடும். வேண்டாம் என்றேன். அடுத்தது பெட்டியில் இருந்தது. தயாரித்த வருடத்தைத் தேடிப் படித்தேன். ரப்பருக்கும் வயது உண்டு. பிரிக்காத பெட்டியில் இருந்தாலும் கிழமாகும். அதுவும் வேண்டாம். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். மூன்றாவதாக உள்ளேயிருந்து ஒரு முழு செட் வந்தது. பழையதோடு பல்லுக்குப் பல் வைத்துப் பார்த்தேன். உருளைகளைக் காதருகே வைத்துச் சுற்றினேன், கரகரப்பு இல்லை. பெல்ட்டில் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும் என்பதால் ஆயில் சீல்களும் புதிதாகக் கேட்டேன்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. என் கணவரிடம் திரும்பி, "பாய், ஜல்தியா நீங்களே முடிவு பண்ணுங்க. பொம்பளைங்க கையில வுட்டா பொழுது போயிடும்" என்றார்.

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர், "அவங்களையே கேளுங்க" என்று மட்டும் சொன்னார். சொன்ன தொனியில் பெருமையா எரிச்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டார். நானும் எழுப்பவில்லை.

பட்டறையில் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தது. மெக்கானிக் குறிகளைப் பொருத்தி, கையால் என்ஜினை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, மறுபடியும் குறிகளைப் பார்த்து, மூடியைப் போட்டார். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம்! டீசல் வண்டிச் சத்தம் நாராசம் என்பவர்கள் அன்று வந்து கேட்டிருக்க வேண்டும். நான் வேண்டாம் என்று ஒதுக்கியவை போக, நான் தேர்ந்தெடுத்த சாமான் எல்லாம் சேர்ந்து அவ்வளவு சீராக ஓடியது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

மெக்கானிக் வண்டியை அணைத்து, சாவியை எடுத்துத் துணியில் துடைத்து, அவரிடம் நீட்டினார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க பாய்."

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கியே விட்டார். நேராக வண்டியிடம் போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். துபாயில் அதுதான் டிரைவர் பக்கம். பழக்கதோஷம், ஸ்டீயரிங் இல்லாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார் என்று நின்றேன். அவர் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, காலை நீட்டி, கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியே சாவியை நீட்டினார்.

"ஏறு. மஃரிப் தொழுகைக்கு முன்னாடி ஊட்டுக்குப் போயிடலாம்."

ஊர் எல்லையைத் தாண்டும்போது அவர் போன் அடித்தது. மாமியார். எதிர்முனையில் என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

"வந்துக்கினு இருக்கோம்மா. இல்ல, நான் ஓட்டல. அவதான் ஓட்டறா." கொஞ்சம் கேட்டுவிட்டு, குரலை உயர்த்திச் சொன்னார். "சாவி எதுக்கும்மா எங்கிட்ட? இது அவ வண்டி."