ஒரு விரல் சர்க்கரைப்பாகு

மேவிஸ் ஓல்ட்ராய்டுக்கு அந்த ஃபெரட்டைப் பிடிக்கவே பிடிக்காது. கீரியைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்டது போன்ற உடம்பு. நனைந்த கம்பளியை மூன்று நாள் மூடிவைத்துத் திறந்தால் வரும் வாடை. ஏழு வருஷமாக அவள் துணி காயப்போடும் பின்முற்றத்தில்தான் அதன் கூண்டு.

நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய வருஷம் புருஷன் கிளிஃப் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். முயல் பிடிக்க என்றான். பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வளைக்குள் விட்டால் மறுபக்கம் முயல்கள் அலறியடித்துக்கொண்டு வலையில் வந்து விழும். ஒருமுறை உள்ளே போனது இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஓடைக்கரை நாணலுக்குள்ளிருந்து உடம்பை உதறிக்கொண்டு வந்து நின்றது. பைபிளில் நாணலுக்குள் கண்டெடுத்த குழந்தையின் நினைவில், அன்றிலிருந்து அதற்கு மோசஸ் என்று பெயர்.

அதெல்லாம் கிளிஃபுக்குக் கண்ணும் காலும் இருந்த காலம். சர்க்கரை வியாதி இரண்டு கால் விரல்களை வாங்கிக்கொண்டது, பார்வையில் பாதியை எடுத்துக்கொண்டது. முற்றத்துப் படி இறங்கக்கூட அவனுக்கு இப்போது சுவர் வேண்டும். ஆகவே காலை ஏழு மணிக்கு அவனுக்கு ஊசி, எட்டுக்குள் அளந்து வைத்த சாப்பாடு, பிறகு பாதத்துப் புண்ணுக்குக் கட்டு. அது முடிந்ததும் மோசஸின் கூண்டில் நாறிப்போன வைக்கோலை அள்ளுவது. எல்லாம் மேவிஸ்தான். ராத்திரி படுக்கையில் விழும்போது இன்று நாம் உட்கார்ந்தோமா என்று யோசித்துப் பார்ப்பாள். நினைவுக்கு வராது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, துணி உலர்த்த வந்தவள் மோசஸ் எழுந்திருக்காமல் கிடப்பதைப் பார்த்தாள். தட்டினாள். உலுக்கினாள். நாலாவது உலுக்கலுக்குத்தான் கண் திறந்தது. சோம்பேறி என்று சொல்லிவிட்டுத் துணியைப் பார்க்கப் போனாள். அந்த வாரமே இரண்டு தடவை எச்சில் வடிய, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு நின்றது. பல்லிடுக்கில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கழுத்தைப் பிடித்துத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கீழே விட்டதும் பின்னங்கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இழுபட்டன.

குட்டைச்சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஸ்டான் பிக்கர்ஸ் எட்டிப் பார்த்தான். அவனிடம் ஆறு ஃபெரட் உண்டு. ஊரில் எந்த ஃபெரட்டுக்குத் தும்மல் வந்தாலும் அவனைத்தான் கேட்பார்கள்.

"முதுகெலும்பு போச்சு மேவிஸ். ஏழு வயசுன்னா அதுக்குக் கிழடு. குடு, நான் பாத்துக்கறேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"என்னத்தைப் பாத்துக்குவே?"

"என்னத்தன்னா... உனக்குத் தெரியாதா? நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"உனக்கு முழங்கால் போய் மூணு வருஷமாச்சு ஸ்டான். உன் பொண்டாட்டி யாரையாவது கூப்பிட்டு 'ஒரு நிமிஷம்தான்'னு சொன்னாளா?"

"கேட்டிருப்பா. ஆள் கெடச்சிருக்காது" என்று ஸ்டான் சிரித்தான். "நாளைக்கு வரேன். கிளிஃப்கிட்ட சொல்லி வை."

அவன் போன பிறகு மேவிஸ் கூண்டின் முன்னால் குந்தினாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வேலை குறையும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்போதுதான் மோசஸ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பார்த்தது என்று சொல்லக்கூடாது. அவள் இருந்த இடத்தில் சுவர் இருந்தால் எப்படிப் பார்க்குமோ அப்படி.

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் விட்டால் கிளிஃப் இப்படித்தான் பார்ப்பான். வாயோரம் ஈரம். கால் பின்னும். யாரென்று கேட்பான். ஒருதரம் குழம்புத் தட்டைச் சுவரில் அடித்துவிட்டு, யார் அடித்தது என்று அவளையே கேட்டான்.

"அட, சனியனே" என்றாள் மேவிஸ். "உனக்கும் சர்க்கரை இறங்கிடுச்சா?"

உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். கிறீச்சென்று கத்தும் கதவு அது. சர்க்கரைப்பாகு டின்னில் விரலை விட்டு எடுத்து வந்து மோசஸின் உதட்டுக்குள் ஈறோரம் தடவினாள். கால்மணி நேரம் கல்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மோசஸ் எழுந்தது. உடம்பை உதறியது. அவள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு நறுக்கென்று கடித்தது.

"நல்லவன்தான். நன்றி சொல்ற விதத்தைப் பாரு" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வந்த ஸ்டானைத் திருப்பி அனுப்பினாள். அதுவரைக்கும் அவள் செய்தது சரி. அடுத்துச் செய்ததுதான் தப்பு.

பதினைந்து வருஷமாக ஒரு சர்க்கரை வியாதிக்காரனை வைத்துக் காப்பாற்றியவள். இறங்கிய பிறகு ஓடுவதைவிட இறங்காமல் பார்த்துக்கொள்வது மேல் என்பது அவள் அனுபவம். ஆகவே காலையும் மாலையும் பாலில் ரொட்டி பிய்த்துப் போட்டு, மேலே ஒரு கரண்டி பாகு ஊற்றி வைத்தாள். மோசஸ் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியையும் நக்கியது. கிளிஃபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்த வீட்ல ஒருத்தனாவது இனிப்பு திங்கறான்."

"வாயைப் பொத்து. உன் வாழைப்பழம் பாதிதான். மீதியை நாளைக்குத் தின்னு."

"போன ஜென்மத்துல ஜெயில் வார்டனா இருந்திருப்பே."

"இந்த ஜென்மத்துலயும் அதான். சம்பளம்தான் இல்ல."

முன்பு வாரத்துக்கு இரண்டுமுறை வந்த மயக்கம் இப்போது நாளுக்கு இரண்டுமுறை வந்தது. பாகைக் கூட்டினாள். நாளுக்கு மூன்றாக ஆனது. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கால் இழுக்கும், எச்சில் வடியும். எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள உட்காரவும் நேரமில்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை, காலைக் கிண்ணம் காலியாகி வெகுநேரம் ஆகவில்லை. மோசஸ் கூண்டுக்குள் ஒருக்களித்து விழுந்து, தண்ணீரில் நீந்துவது போல நாலு காலையும் அடித்தது. இதுவரை அவள் கேட்டிராத ஒரு குரலில் கத்தியது. பல்லுக்கு நடுவே விரலை விட்டால் விரல் மிஞ்சாது என்று தெரிந்து, கன்னத்தைத் தூக்கி வெளிப்பக்க ஈறில் பாகைத் தேய்த்தாள். வலிப்பு அடங்கியதும் கிளிஃபின் கம்பளித் தொப்பியில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டாள்.

வாசலில் கிளிஃப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "திருப்பிக் கொண்டு வந்துடுவேல்ல?"

"டாக்டர் சொல்றதைப் பொறுத்து. உன் சாப்பாடு மேசைல இருக்கு. பன்னெண்டரைக்கு. பன்னெண்டரைன்னா பன்னெண்டரை."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி மூக்கைச் சுளித்தாள். "இது நான் இல்ல" என்றாள் மேவிஸ்.

கால்நடை டாக்டர் ஃபேரர் சின்னப் பெண். கைமட்டும் அனுபவப்பட்ட கை. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உள்ளே போய்விட்டு வந்தாள்.

"சர்க்கரை ரொம்பக் கம்மியா இருக்கு மிசஸ் ஓல்ட்ராய்ட். அனேகமா கணையத்துல கட்டி. ஃபெரட்டுக்கு வயசானா இது சகஜம். அந்தக் கட்டி இன்சுலினைக் கொட்டிக்கிட்டே இருக்கும்."

"அப்படின்னா எங்க வீட்டுக்காரனுக்கு இல்லாதது இவனுக்கு வேண்டிய மட்டும் இருக்கு. ரெண்டு பேரும் பேசிப் பங்கு போட்டிருக்கலாம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "என்ன குடுக்கறீங்க சாப்பிட?"

சொன்னாள். பால், ரொட்டி, ஒரு கரண்டி பாகு. கடைசி வாரம் இரண்டு கரண்டி.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். "இனிப்பு உள்ள போனதும் கட்டி இன்னும் அதிகமாக் கொட்டும். சர்க்கரை ஏறும், உடனே முன்னைவிடக் கீழ விழும். விழுந்துட்டா ஈறுல தடவறீங்களே, அது சரி. அதுதான் இன்னிக்கு இவனைக் காப்பாத்துச்சு. ஆனா தடவி எந்திரிச்சதும் இறைச்சி குடுக்கணும். மத்தபடி இனிப்பு கண்ணுலயே காட்டக்கூடாது. பாலும் ரொட்டியும் வேண்டாம்."

"அப்போ நான்தான் இவனை விழ வெச்சேன்."

"கட்டியை நீங்க வைக்கல."

"நான் கட்டியைக் கேக்கல."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தாள். பிறகு, "அடிக்கடி விழுந்ததுக்கு அது ஒரு காரணம்தான்" என்றாள். அறுவை சிகிச்சைக்கு வயது தாண்டிவிட்டது. மாத்திரை உண்டு, காலையும் மாலையும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கோழி இறைச்சி அரைத்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஆறு மாசம் ஓடலாம், ஒரு வருஷமும் ஓடலாம். "முடியாதுன்னா சொல்லிடுங்க. இங்கயே வலியில்லாம முடிச்சிடலாம். உங்களை யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

மேவிஸ் மேசை மேல் கிடந்ததைப் பார்த்தாள். தொப்பிக்குள் மீசை மட்டும் துடித்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். ஊசிக்கும் கட்டுக்கும் சமையலுக்கும் நடுவில் இது வேறு. அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் நாற்காலி இல்லை.

"மாத்திரையைக் குடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து தொப்பியைக் கிளிஃபின் மடியில் வைத்தாள். கோட்டைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னாள். பாகு தன் வேலை என்பதையும் சேர்த்துத்தான்.

கிளிஃப் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிடி உலர்திராட்சை எடுத்து மேசையில் போட்டான். "நானும்தான். கோடையிலேர்ந்து. எனக்குத்தான் கூடாது, அவனாவது திங்கட்டும்னு... நீ குளிக்கப் போறப்போ உள்ள தூக்கிட்டு வருவேன்."

"படி இறங்க முடியாதுன்ன?"

"இறங்கிட்டு வந்தேன். மெதுவா."

மேவிஸ் அவனைப் பார்த்தாள். திட்ட வாய் வரை வந்தது. எதைத் திட்டுவது? திராட்சையையா, படியையா? கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அப்படின்னா நல்லதாப் போச்சு. கூண்டு இனிமே அடுப்பங்கரைல. இறைச்சியை நான் அரைச்சு வைப்பேன், எடுத்துக் குடுக்கறது நீ. பத்து, ரெண்டு, ஆறு. காலைல ஒண்ணு, படுக்கறப்போ ஒண்ணு நான் பாத்துக்கறேன். ரெண்டு வேளை தப்பிச்சுன்னா ஸ்டானைக் கூப்பிட்டுடுவேன்."

"எனக்கா, அவனுக்கா?"

"யார் நேரந்தவறிச் சாப்பிடறாங்களோ அவங்களுக்கு."

மறுநாள் இரண்டு மணிக்கு அடுப்பங்கரையில் அலாரம் அடித்தது. முன்னறையில் இருந்த மேவிஸ் பழக்கத்தில் எழப் பார்த்தாள். பிறகு எழவில்லை. கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று இடிபட்டது. கிளிஃப் கெட்ட வார்த்தை சொன்னான். தட்டில் கரண்டி சுரண்டியது.

"இருடா, இருடா. கையைத் தின்னுடாதே."

அவள் பாகு டின் இருக்கும் அலமாரிக் கதவின் கிறீச்சுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. மோசஸ் நக்கும் சத்தம் மட்டும் வந்தது. கதவு கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாள். கத்தவில்லை.

மேவிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி முக்காலி மேல் வைத்தாள்.