ஒன்பதாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் ஷூ

"கழட்டுங்க. கழட்டுனாத்தான் தெரியும்" என்று சொல்லி முடிப்பதற்குள் சவுரிமுத்து என் பழைய செருப்பைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துவிட்டார். குதிகாலின் உள்பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையை நான் பார்க்கிற பார்வை அது. "காலைல எந்திரிச்சி மொத அடி வைக்கும்போது குதிகால்ல ஊசி குத்துதா? பத்து அடி நடந்தா சரியாப் பூடுதா?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னா வைத்தியம் பண்ணீங்க?" செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வைத்து அழுத்தினேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "டீச்சர் வேலை பாக்குறீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்குச் செருப்பு விற்க மறுத்துவிட்டார்.

அவர் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு செருப்புக் கடையில் முப்பத்தோரு வருடமாக விற்பனையாளர். வயது ஐம்பத்தெட்டு. வாங்க வருகிறவர் கால் வைக்க முன்னால் சாய்பலகை வைத்த குட்டி ஸ்டூல் ஒன்றுதான் அவருடைய ஆசனம். அதில் உட்கார்ந்தபடியே கடை முழுக்க நகர்ந்துவிடுவார். ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. "மாடம்பாக்கம் கால்ஆணி", "மேடவாக்கம் தட்டைக்கால்", "சேலையூர் நகச்சுத்தி" என்றுதான் சொல்வார். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் விழித்தவர், செருப்பைக் கழற்றியதும் "அட, நீங்களா, வாங்க வாங்க" என்று எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாதத்தைப் பற்றி அவர் சொல்வது ஒன்றும் சும்மா அளப்பது அல்ல. ஷூ வாங்குவதென்றால் சாயங்காலம் வா, நாள் முழுக்க நின்ற கால் அப்போதுதான் வீங்கி நிஜ அளவில் இருக்கும். முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விடு. நகத்தை நேராக வெட்டு. மூலையைத் தோண்டினால் அது சதைக்குள் வளரும். கால்ஆணியை பிளேடால் சீவாதே. இதெல்லாம் எல்லாருக்கும் பொது. சர்க்கரை இருப்பவர் என்று தெரிந்தால் அவர் குரலே மாறிவிடும். "தெனம் ராத்திரி கண்ணாடிய கீழ வெச்சி உள்ளங்காலைப் பாரு. கால்ல புண்ணு வந்தா நாள் எண்ணாத. மஞ்சப்பொடி போடாத. நேரா கால் டாக்டர்கிட்ட போ" என்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவார். குரோம்பேட்டையில் பாதத்துக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிற டாக்டர் தீபாவின் கார்டு. யாரோ ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கட்டு அது. தீரத் தீர அந்த கிளினிக்குக்கு போன் போட்டு வரவழைப்பார். அந்தக் கார்டுடன் போய்த்தான் என் குதிகால் ஆறு வாரத்தில் தேறியது. செங்கல் மொட்டைமாடிக்குத் திரும்பியது.

இந்த மனிதரை நான் மகான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

மே மாதக் கடைசி. கடைக்குள் போனால் எல்லாரும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி ஷோகேஸின் சாவியைக் காலையிலிருந்து காணவில்லையாம். சின்னச் சாவி, தட்டையானது. டப்பாக்களைக் கவிழ்த்து, பாய்களை உதறி, குப்பைத்தொட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டார்களாம். சவுரிமுத்துதான் எல்லாரையும் விட அதிகமாக அலைந்திருக்கிறார். "ஒரே பேஜாரு டீச்சர். இன்னிக்கு யார் மூஞ்சில முழிச்ச நேரமோ" என்று என் முன்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய பேன்ட் கொஞ்சம் மேலே ஏறியது. வலது கால் வெள்ளை சாக்ஸில், ஷூவின் விளிம்புக்கு மேலே பழுப்பாக ஈரம். காபி கொட்டியதா அண்ணா என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். நாடாவை அவிழ்த்து ஷூவைக் கழற்றினார். அதற்குள்ளிருந்து சாவி விழுந்தது.

காலையில் கடையின் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்ற அவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் குனிந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து சாவி நழுவி உள்ளே போயிருக்கிறது. அதன்மேல் காலை விட்டு, நாடாவை இறுக்கிக் கட்டி, பத்து மணி நேரம் அதன்மேலேயே நடந்து அதையே தேடியிருக்கிறார். சாக்ஸின் அடிப்பக்கம் கட்டைவிரலுக்குக் கீழே ரத்தத்தில் நனைந்து ஒட்டியிருந்தது. "வலிக்கவே இல்லியே டீச்சர்" என்றார். அவர் முகம் வெளிறிப்போனது. வலிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கடையில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் ஷூவின் உள்ளே இருந்த நம்பரைப் பார்த்தேன். எட்டு. "உங்க கால் எத்தனை அண்ணா?" என்றேன். "ஒம்போது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் காலுக்கெல்லாம் விரல் வைத்து இடம் அளக்கிற மனிதர் இவர். "ஒம்போது போட்டா லூசா கீது டீச்சர். கால்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது. கழண்டு வுழுந்துடுமோன்னு பயந்துகினே நடக்கணும். எட்டுன்னா பிடிப்பா கீது" என்றார். பதினான்கு வருடமாகச் சர்க்கரையாம். கால் மரத்துப்போனதால் ஷூ லூசாகத் தெரிந்திருக்கிறது. லூசாகத் தெரிந்ததால் சின்னதாக வாங்கிப் போட்டிருக்கிறார். வாடிக்கையாளர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார்.

சரி, நாளைக்கே டாக்டரிடம் போய்விடுவார் என்று நினைத்து நான் வீட்டுக்குப் போனேன். என்னுடைய முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை. செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டால் "ஸ்கூல் சீசன் டீச்சர், ஜூன் பத்து வரைக்கும் மூச்சு வுட முடியாது" என்றார். அதுவும் சாய்பலகையில் ஒரு பிள்ளையின் காலை வைத்து, கறுப்பு ஷூவின் முனையை அழுத்திப் பார்த்துக்கொண்டே. வெள்ளிக்கிழமை போனேன். "ஆறிக்கினு வருது" என்றார். கழற்றிக் காட்டுங்கள் என்றேன். காட்ட மாட்டாராம். ஷூவுக்குள் போடுகிற இன்ஸோல் அட்டையை எடுத்து, புண் இருக்கிற இடத்துக்கு நேராக வட்டமாக வெட்டிவிட்டாராம். "இப்ப அதுல எதுவும் படாது" என்று பெருமை வேறு. வெட்டிய வட்டத்தின் ஓரம் புண்ணைச் சுற்றி அறுக்கும் என்று எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா?

மறுவாரம் தந்திரம் ஒன்று செய்து பார்த்தேன். "அண்ணா, எங்க சித்தப்பாவுக்குச் சர்க்கரை. கால்ல புண்ணு, பத்து நாளாச்சு, ஆறல. என்ன பண்ணலாம்?" என்றேன். ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பத்து நாளா? இன்னா டீச்சர் நீங்க, இவ்ளோ சாதாரணமா சொல்றீங்க. இன்னிக்கே இட்டுகினு போங்க. நாளைக்குன்னா வெரலு, அடுத்த மாசம்னா காலு" என்று படபடத்து, கார்டை எடுத்து என் கையில் திணித்தார். அதை அப்படியே திருப்பி அவர் பையில் வைத்தேன். சித்தப்பாவே கிடையாது, அது நீங்கள்தான் என்றேன். கொஞ்சம்கூட அசரவில்லை. "அது வேற டீச்சர்" என்றார். எது வேற? எப்படி வேற? கடை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். ஷேர் ஆட்டோவுக்காகக் கை காட்டுகிறேன் என்று நினைத்து ஒருவர் நிறுத்திவிட்டார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. இதே மனிதர்தான் ஒருமுறை எனக்குச் சொன்னார். சேலையூரில் காய்கறிக் கடை வைத்திருந்த ஒரு சர்க்கரைக்காரர் வருடா வருடம் இவரிடம்தான் ஷூ வாங்குவாராம். ஒரு வருடம் வந்து ஒற்றை ஷூ கேட்டாராம், இடது மட்டும். ஜோடியாகத்தான் கொடுக்க முடியும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவர் ஜோடியாகவே வாங்கிக்கொண்டு போனாராம். அதைச் சொன்ன அன்று சவுரிமுத்து மத்தியானம் சாப்பிடவில்லை.

கடைசியில் அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய மனைவி செல்வமேரி கதவைத் திறந்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். "வாட அடிக்குது டீச்சர். சாக்ஸ அவரே தொவச்சிக்கினு அவரே காயப்போடறாரு, என்னைத் தொடவே வுடல" என்றார். ஏன் இப்படிப் பிடிவாதம் என்று கேட்டேன். விரலை எடுத்துவிடுவார்கள் என்று பயம், அது ஒன்று. இன்னொன்றைச் செல்வமேரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவரு கால யாராச்சும் தொட்டா அவருக்கு ஆவாது. பெரிய வியாழன் அன்னிக்கிக் கோயில்ல பன்னெண்டு பேருக்கு ஃபாதர் கால் கழுவி வுடுவாரில்ல? நாலு வருசமா இவரு பேர எழுதுறாங்க. அன்னிக்கின்னு பாத்து கடையில வேலன்னு ஓடிப்புடுவாரு. நம்ம முன்னாடி ஒருத்தர் குனியறதான்னு கேக்குறாரு. கல்யாணமாகி இத்தினி வருசத்துல நான்கூட அவரு கால அமுக்கி வுட்டதில்ல."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. தினமும் அறுபது பேர் காலைத் தூக்கி மடியில் வைக்கிறவர், தன் காலை ஒருவர் கையில் கொடுக்க வெட்கப்பட்டு விரலை இழக்கப் போகிறார். இதைக் கேட்டு மனம் உருகிப்போகிற ஆள் நான் இல்லை. நேரே டாக்டர் தீபாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இதுவரை சவுரிமுத்துவைப் பார்த்ததே இல்லை. ஆனால் பெயர் தெரியும். அந்தக் கடைக்காரர் அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்களாம். என் எதிரிலேயே போன் போட்டார். "சவுரிமுத்து சார், தீபா பேசறேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நீங்க இங்க இருக்கணும். வரலைன்னா பதினொரு மணிக்கு நான் உங்க கடைக்கு வருவேன். எல்லார் முன்னாடியும் உங்க எதிர்ல கீழ உட்கார்ந்து ஷூவைக் கழட்டுவேன்." மறுமுனையில் "வரேம்மா" என்று மட்டும் கேட்டது.

வந்தார். செல்வமேரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நோயாளிக்கு உயரமான நாற்காலி, டாக்டருக்குத் தாழ்வான ஸ்டூல். அதைப் பார்த்ததுமே அவர் உட்கார மறுத்தார். "நீங்க மேல உக்காருங்கம்மா, நான் கீழ உக்கார்றேன்." டாக்டர் சிரித்தார். "அப்புறம் யார் கால யார் பார்க்கறது சார்? உட்காருங்க." உட்கார்ந்தார். மெதுவாக இடது ஷூவைக் கழற்றினார். இடது. புண் இருப்பது வலதில். "இத மொதல்ல பாருங்க டாக்டர். இது நல்லாத்தான் கீது" என்றார். நல்லாயிருக்கிற காலைப் பார்க்கவா ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளியில் அரை நாள் லீவு போட்டு வந்தேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கையமர்த்தினார்.

பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மெல்லிய நைலான் இழை. "கண்ண மூடிக்குங்க சார். பாதத்துல இது படறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க. படலைன்னா பேசாம இருங்க." சவுரிமுத்து கண்ணை மூடினார். டாக்டர் கட்டைவிரலின் அடியில் இழையை வைத்து அழுத்தினார். "ம்." சுண்டுவிரலுக்குக் கீழே. "ம்." பாதத்தின் நடுவே. "ம்." குதிகாலில். "ம்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தக் காலாவது தப்பித்ததே என்று செல்வமேரியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

டாக்டர் இழையைத் தட்டில் வைத்துவிட்டார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

"ம்" என்றார் சவுரிமுத்து.

கொஞ்சம் இடைவெளி விட்டு, அதே உறுதியோடு, மறுபடியும் "ம்" என்றார். செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். பதினைந்து நாளாக நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தன. ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது தடவை "ம்" சொன்ன பிறகு, அறையின் அமைதியில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு இரண்டையும். டாக்டரின் கோத்த கைகளையும், தட்டில் கிடந்த இழையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தார். புண்ணோடு ஒட்டிப்போயிருந்த சாக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தார். இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி, டாக்டரின் மடியில் வைத்தார்.