ஜெர்மன் காரில் அடைக்கோழி

நான் கூட்டிப் பெருக்கும் பனியன் குடோனில், முதலாளியின் பழைய ஜெர்மன் ரேஸ் காரைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒல்லியாக ஒருத்தர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கார்கிட்டவே போனார்.

"இந்தக் காருக்கு டிக்கி முன்னாடி. அதுக்குள்ள கம்பெனி அடிச்ச நம்பர் இருக்கும்மா; அசல் ரேஸ் கார்தானான்னு அதுதான் சொல்லும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

 மூடாத அந்த டிக்கியில்தான், முதலாளிக்குத் தெரியாமல், வேஸ்ட் துணியைப் பரப்பிக் கோழியை அடை வைத்திருந்தேன்.

எட்டிப் பார்த்தவர் கையில் ஒரு கொத்து வாங்கினார். "நம்பர் மேலயே உக்காந்திருக்கே!"

"கிளப்பினா அடை கலைஞ்சிருமுங்க. தீனிக்குத் தானா எறங்குமுங்க. மொதலாளிகிட்டச் சொல்லீராதீங்க."

மூணு மணிநேரம் துணி மூட்டைமேல் காத்திருந்தார். கோழி இறங்கியதும் முட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி நம்பரைப் பார்த்தார். கண்கலங்கிக் கும்பிட்டார்.

காரையா, எதிரில் நின்ற கோழியையா என்று கேட்க எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.